இரும்புமலை குத்துமா, குத்தாதா

வீடியோ கேம் தொழிலில் பெருமூச்சு என்றால் தெரியாதவர்கள் கிடையாது. விளையாட்டுகளுக்கு விமர்சனம் சொல்பவர் அவர், அந்தப் பெயர் ஊர் வைத்தது. காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, நீட்டி ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார். மூச்சு குட்டையாக இருந்தால் விளையாட்டு தேறாது. நீளமாக இருந்தால் தப்பித்தது. வருடக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொண்டு ஒரு விளையாட்டைச் செய்துவிட்டு, கடைசியில் ஒரு மனிதர் மூக்கு வழியாக எவ்வளவு காற்று விடுகிறார் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இதைவிடக் கேவலமான பிழைப்பு உண்டா என்று கேட்டால், உண்டு, ஆனால் அதற்கெல்லாம் சம்பளம் அதிகம்.

அன்று காலை, மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் எல்லோரும் இயக்குநரின் மேசையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் செய்த ‘இரும்புமலை’ வெள்ளிக்கிழமை விற்பனைக்கு வருகிறது. விமர்சகர்களுக்கு மட்டும் முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். முதலில் பெருமூச்சு பேசுவார், அதற்குப் பிறகு மற்றவர்கள் எழுதலாம் என்று ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் செய்த நாளிலிருந்து இயக்குநருக்குச் சோறு இறங்கவில்லை.

கூட்டத்தில் எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னால் நின்றவள் முஷ்டி. அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் அது. இரும்புமலை என்பது இருபது மாடி உயர ரோபோ. அதன் மண்டைக்குள் உட்கார்ந்து நாம் ஓட்ட வேண்டும். கடலிலிருந்து கிளம்பி ஊரை நாசம் பண்ண வரும் எதிரி ரோபோக்களை அடித்து நொறுக்க வேண்டும். கதை அவ்வளவுதான், அதற்கு மேல் எதிர்பார்த்தால் அது உங்கள் தப்பு. அந்த ரோபோவின் வலது கைக் குத்து முழுக்க முழுக்க இவள் வேலை. தோள் பின்வாங்குவது, முழங்கையில் ஆவி சீறுவது, விரல்கள் ஒவ்வொன்றாக மடங்குவது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள். குத்து விழும் சத்தத்துக்காகத் தன் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவை அறைந்து அறைந்து பதிவு செய்ததில், அந்த ஃப்ரிட்ஜ் இப்போது கதவைக் கயிற்றால் கட்டினால்தான் குளிர்கிறது.

திரையில் பெருமூச்சு கண்ணாடியைத் துடைத்தார். மாட்டினார். மூச்சு விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. இடையில் நின்றுவிட்டதோ என்று பயந்தபோது இன்னும் கொஞ்சம் வந்தது. இயக்குநர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“ராட்சச ரோபோக்களின் சண்டை என்றார்கள்,” என்று பெருமூச்சு ஆரம்பித்தார். காமிராவுக்கு முன்னால் அவர் மேடைத் தமிழ்தான் பேசுவார். “நானும் அப்படி நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இருபது மாடி உயரம். மலையைப் பெயர்க்கும் கை. ஆனால் நண்பர்களே, அந்தக் கை குத்துவதில்லை! ஒருமுறைகூடக் குத்துவதில்லை. எதிரி அடிக்கிறான். இரும்புமலை வாங்கிக்கொள்கிறது, விலகுகிறது, ஓடுகிறது. கடைசியில் அடித்து அடித்துக் களைத்த எதிரி, தானாகவே தரையில் உட்கார்ந்துவிடுகிறான். அந்த இடத்தில் நான் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று.”

இப்படி ஒரு பாராட்டை அவர் யாருக்கும் கொடுத்ததே இல்லை. ஆனால் அலுவலகத்தில் ஒருவர்கூடக் கைதட்டவில்லை. எல்லோரும் பேயறைந்த மாதிரி நின்றார்கள்.

“குத்தறதில்லையா?” என்றாள் முஷ்டி.

நடந்தது என்னவென்று கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. இவர்களுடைய போன விளையாட்டைப் பெருமூச்சு கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார். ஆரம்பத்தில் ‘இப்படி நட, இப்படித் தாவு’ என்று சொல்லிக்கொடுக்கும் பாடம் நீளமாக இருக்கிறதாம், விளையாட வந்தவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்களாம். அந்தக் காயம் ஆறாத இயக்குநர், விமர்சகர்களுக்கு அனுப்பிய பிரதியில் மட்டும் பாடத்தையே வெட்டி எறிந்துவிட்டார். குத்துவது எப்படி என்பது அந்தப் பாடத்தில்தான் இருந்தது.

அதுவும் லேசில் தட்டுப்படும் குத்தா என்றால் இல்லை. அதற்குக் காரணம் முஷ்டிதான். ஒற்றைப் பொத்தானை அமுக்கினால் குத்து விழ வேண்டும் என்று மற்றவர்கள் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்கள். அவள் கேட்கவில்லை. இருபது மாடி உயரத்துக் கை, தட்டினால் எரியும் விளக்கா? ஒரு மரியாதை வேண்டாமா? கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலரில், வலது ஆள்காட்டி விரலுக்குக் கீழே இருக்கும் பொத்தானை அமுக்கினால் கை உயர்ந்து, முஷ்டி மூடி, உள்ளே எஞ்சின் முறுக்கேறி நடுங்கும். அது நடுங்கும்போதே இடது பொத்தானையும் சேர்த்து அமுக்க வேண்டும். அப்போதுதான் குத்து. அமுக்காவிட்டால் விரல்கள் மெதுவாகப் பிரிந்து கை இறங்கிவிடும்.

எதிரி தானாக உட்கார்ந்ததற்குக் காரணம் இயக்குநரின் மாமனார். மாப்பிள்ளை செய்த விளையாட்டாயிற்றே என்று ஆசையாக விளையாட வந்த மனிதர் ஒரு மாலை முழுக்க அடி வாங்கினார். மாமனார் மனம் கோணக்கூடாதே என்று, சண்டை ரொம்ப இழுத்தால் எதிரியின் பேட்டரி தீர்ந்து உட்கார்ந்துவிடும்படி இயக்குநர் செய்துவைத்தார். மாமனார் ஜெயித்தார், வீட்டில் நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் பெருமூச்சு உலக சமாதானம் என்று எடுத்துக்கொண்டார்.

“உடனே போன் போட்டுச் சொல்லிடலாம்ணா,” என்றாள் முஷ்டி.

இயக்குநரும் போனைக் கையில் எடுத்துவிட்டார். அதற்குள் மற்ற விமர்சனங்கள் வர ஆரம்பித்தன. ஒருவர், ‘சண்டை என்ற சொல்லுக்கே புதிய பொருள்’ என்றார். இன்னொருவர், ‘குத்தாத குத்தே பெரிய குத்து’ என்று தலைப்பு வைத்திருந்தார். மூன்றாமவர் விளையாட்டைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார் போலிருக்கிறது, ‘அந்த உட்காரும் எதிரி நாம்தான்’ என்று முடித்துவிட்டார். இவர்களில் ஒருவர்கூடத் தப்பித் தவறி இரண்டு பொத்தானையும் அமுக்கியிருக்க மாட்டார்களா? அமுக்கியிருப்பார்கள். ஆனால் பெருமூச்சு பார்க்காத ஒன்றைத் தான் பார்த்துவிட்டதாகச் சொல்லும் துணிச்சல் யாருக்கு இருக்கிறது? தனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

இயக்குநர் போனைக் கீழே வைத்தார். அவருக்கு வாயெல்லாம் பல்.

“முஷ்டி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.”

“கோவிச்சுக்கற மாதிரி ஏதோ சொல்லப் போறீங்க.”

“குத்தை எடுத்துடு.”

அவளுக்கு முதலில் காதில் விழுந்தது மூளைக்குப் போகவில்லை. “எதை எடுக்கணும்?”

“குத்தை. விக்கிற பிரதில குத்து இருந்தா அத்தனை பேரும் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். பெருமூச்சு சார் மூக்கு உடைஞ்சுடும். அடுத்த விளையாட்டுக்கு நம்மளத் திரும்பிப் பார்ப்பாரா? எழுதினது எழுதினபடி இருக்கட்டும். நாம விளையாட்டை மாத்திக்கலாம்.”

“அண்ணா, இது சண்டை விளையாட்டு. அட்டைப் படத்துலயே குத்திக்கிட்டுத்தான் நிக்குது.”

“கையில ஒரு பூவைக் குடுத்துடலாம்.”

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ராட்சச ரோபோவை வைத்துக்கொண்டு குத்தக் கூடாதென்றால் அதைக் காயலான் கடைக்குப் போடுங்கள் என்றாள். மூன்று வருடமாக இது என் கை என்றாள். இயக்குநர் நல்ல மனிதர்தான், ஆனால் பாராட்டு தலைக்கு ஏறிய நல்ல மனிதரிடம் நியாயம் பேசிப் பிரயோசனம் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் குத்து வெளியே போக வேண்டும், அதையும் அவளே செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, நெட்டில் அடுத்த விமர்சனத்தைத் தேடப் போய்விட்டார்.

முஷ்டி வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜ் கயிற்றை அவிழ்த்துத் தண்ணீர் எடுத்துக் குடித்தாள். அவள் கணவர் பல் செட் செய்கிறவர். சமையலறை மேசையில் யாருடைய மேல்வரிசைப் பற்களையோ வைத்து உரசிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் கேட்டார்.

“எல்லாரும் பாராட்டுறாங்க. அப்புறம் என்ன?”

“என்னைத் தவிர எல்லாரையும் பாராட்டுறாங்க. நான் செஞ்சது இல்லவே இல்லைங்கறதுக்காகப் பாராட்டுறாங்க.”

“என் வேலையும் அப்படித்தானே. நான் செஞ்ச பல்லை யாராவது பல் செட்டுன்னு கண்டுபிடிச்சுட்டா நான் தோத்துட்டேன்னு அர்த்தம்.”

“உங்க பல்லு கடிக்குதில்ல? யாரோ ஒருத்தர் அதை வச்சுக் கடிக்கிறாங்கல்ல? என் குத்தை யாருமே குத்தலையே.”

அவர் மேல்வரிசையைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவளுக்கு அழுகை வந்தது. யாருக்கும் வேண்டாத ஒன்றை இத்தனை ஆசையாகச் செய்துவிட்டோமோ என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை காலை பெருமூச்சே அலுவலகத்துக்கு வந்தார். ‘குத்தாத கையைச் செய்தவர்கள்’ என்று ஒரு பேட்டி எடுக்க வேண்டுமாம். மாடிப்படி ஏறி உள்ளே வந்ததும் நீளமாக ஒரு மூச்சு விட்டார். இயக்குநர் முகம் மலர்ந்துவிட்டது. அது வெறும் மூச்சிரைப்பு என்று முஷ்டிக்குத் தெரிந்தது. திரையில் பார்ப்பதைவிட ஆள் ஒல்லி, கழுத்தில் மப்ளர், தோளில் தன் காமிராவைத் தானே தூக்கி வந்திருந்தார். இப்படி ஒரு நோஞ்சான் மூச்சுக்கா நாம் பயந்து செத்தோம் என்று இருந்தது அவளுக்கு.

“இவங்கதான் சார் கையைச் செஞ்சவங்க,” என்று இயக்குநர் அவளைக் காட்டினார். அவள் குத்தை இன்னும் எடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது. சாயங்காலம் வரை நேரம் இருக்கிறதே என்று அவளும் சொல்லவில்லை.

பெருமூச்சு இரண்டு கையையும் கூப்பினார். பிறகு காமிராவை நிறுத்தி வைத்து, கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு, விளையாட்டில் வரும் துறைமுகச் சண்டையைத் திறந்தார். எதிரி வந்து இரும்புமலையின் தாடையில் ஒன்று வைத்தான்.

“பாருங்கள்,” என்றார் பெருமூச்சு, காமிராவைப் பார்த்து. “கை எழுகிறது. முஷ்டி மூடுகிறது. இதோ நடுங்குகிறது, இதுதான் மனசாட்சி! இப்போது விரல்கள் பிரிகின்றன. இது மன்னிப்பு.”

எதிரி இன்னொன்று வைத்தான். மறுபடி மனசாட்சி, மறுபடி மன்னிப்பு. இயக்குநர் பக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். முஷ்டி திரையைப் பார்க்கவில்லை. பெருமூச்சின் வலது ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரல் பொத்தானை அமுக்குகிற அமுக்கில் நகமே வெளுத்துப் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கீழே மெத்தைக் கடைக்காரர் கத்தினார். இயக்குநரின் வண்டி குறுக்கே நிற்கிறதாம், லாரி உள்ளே வர முடியவில்லையாம். இயக்குநர் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

“சார், அந்தக் காமிராவைக் கொஞ்சம் நிறுத்தறீங்களா?” என்றாள் முஷ்டி. நிறுத்தினார். “கை எப்ப சார் நடுங்குது?”

“எப்பன்னா? அப்பப்ப நடுங்குது.” காமிரா நின்றதும் அவர் தமிழும் மேடையை விட்டு இறங்கிவிட்டது.

“அப்பப்ப எல்லாம் நடுங்காது சார். வலது பொத்தானை அமுக்கினாத்தான் நடுங்கும். இல்லைன்னா கை பாட்டுக்குத் தொங்கும். செஞ்சவ நான். எனக்குத் தெரியாதா?”

பெருமூச்சு கன்ட்ரோலரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

“நீங்க எதுக்கு சார் அமுக்கறீங்க?”

அவர் திருதிருவென்று விழித்தார். மூச்சு விடப் போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“குத்தத்தான்,” என்றார், கிட்டத்தட்டக் கேட்காத குரலில்.

“என்னது?”

“குத்தத்தாம்மா! முதல் நாள்ல இருந்தே குத்தத்தான் பார்த்தேன். எதை அமுக்கினாலும் குத்த மாட்டேங்குது. கை நடுங்கிட்டு நின்னுடுது. அவன் என்னைப் போட்டு வெளு வெளுன்னு வெளுக்கறான். யார்கிட்டயாவது கேட்கலாம்னா, இத்தனை வருஷமா விமர்சனம் சொல்ற நான் போய், எப்படிங்க குத்தறதுன்னு கேட்க முடியுமா? திடீர்னு பார்த்தா அவன் உட்கார்ந்துட்டான். சரி, இதுதான் இந்த விளையாட்டோட விஷயம் போலன்னு நினைச்சுக்கிட்டேன்.”

“அப்ப, கண்ணாடியைக் கழட்டினீங்களே?”

“அது நிஜம். ரொம்ப அடி வாங்கிட்டேன்ல.”

முஷ்டிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளே ஏதோ குளிர்ந்து போனது. இந்த உலகத்தில் ஒரு மனிதர் அவளுடைய குத்து வேண்டுமென்று விரல் வலிக்க வலிக்க ஏங்கியிருக்கிறார், கிடைக்காமல் அழுதும் இருக்கிறார். இதைவிட ஒரு விமர்சனம் யார் எழுதிவிட முடியும்? அவள் தன் நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

“வலதை அமுக்குங்க. நடுங்குதா? விடாதீங்க. இப்ப இடது. ரெண்டும் சேர்த்து.”

இரும்புமலையின் தோள் பின்வாங்கியது. முழங்கையில் ஆவி சீறியது. துறைமுகத்துப் பறவைகள் எல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு பறந்தன. பிறகு குத்து விழுந்தது. எதிரியின் தலை கழன்று, நாலு தெருவைத் தாண்டிப் போய், ஒரு நீச்சல் குளத்தில் தொப்பென்று விழுந்தது.

பெருமூச்சு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “அம்மாடியோவ்!” என்று அவர் போட்ட சத்தத்தில் மப்ளர் அவிழ்ந்து கீழே விழுந்தது. “இன்னொரு எதிரி எங்க? ஒருத்தனாவது வாங்கடா! எத்தனை அடி அடிச்சீங்க என்னை!”

வந்தார்கள். ஒவ்வொருவனிடமும் பழைய பாக்கியைத் தீர்த்துக்கொண்டார். ஒரு குத்துக்கும் அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை, மூச்சு விடக்கூட நேரமில்லை. இயக்குநர் வண்டியை நகர்த்திவிட்டு மேலே வந்தபோது, நாட்டின் பெரிய விமர்சகர் மேசைமேல் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு ‘வாங்குடா’ என்று கத்திக்கொண்டிருந்தார். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று இயக்குநர் பதறிப்போய்த் திரைக்கு முன்னால் பாய்ந்தார்.

“சார், அது பழைய பிரதி சார்! குத்தை எடுக்கச் சொல்லிட்டேன். நாளைக்கு இருக்காது சார்!”

“எடுப்பீங்களா?” பெருமூச்சு கன்ட்ரோலரை மார்போடு அணைத்துக்கொண்டார். “எடுத்துப் பாருங்க. அப்புறம் நான் விடற மூச்சு எவ்வளவு குட்டையா இருக்கும்னு தெரிஞ்சுக்குவீங்க.” சொன்ன பிறகுதான் அவருக்குத் தன் நிலைமை உறைத்தது. மெதுவாக மேசையிலிருந்து இறங்கி மப்ளரை எடுத்துச் சுற்றிக்கொண்டார். “ஆனா நீங்களா யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அந்தப் பாடத்தை விக்கிற பிரதில இருந்தும் எடுத்துடுங்க. எனக்கும் ஒரு பேர் இருக்கு பாருங்க.”

இயக்குநருக்கு இது தேனாக இனித்தது. பாடம் போகும், குத்து இருக்கும், யாருக்கும் தெரியாது. இருவரும் முஷ்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இருந்தாப் போதும்ணா,” என்றாள். போதாது என்று அவளுக்கே தெரியும். ஆளில்லாத வீட்டில் விளக்கேற்றி வைக்கிற மாதிரிதான் இது. ஆனால் அணைப்பதற்கு இது எவ்வளவோ தேவலை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விளையாட்டு வெளிவந்தது. இவர்கள் மூன்று பேரும் மறந்துபோன ஒன்று இருந்தது. விளையாடுகிற ஜனங்கள் விமர்சகர்கள் இல்லை. கை குத்தவில்லை என்றால் தத்துவம் என்று எடுத்துக்கொள்ளும் பொறுமை அவர்களுக்குக் கிடையாது. இருக்கிற பொத்தானை எல்லாம் ஒன்றாகப் போட்டு அமுக்குவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே ஊரெல்லாம் தலைகள் பறந்து நீச்சல் குளத்தில் விழ ஆரம்பித்துவிட்டன.

பெருமூச்சு அன்றைக்கே இன்னொரு காணொளி போட்டார். மூச்சு அமர்க்களமாக இருந்தது. “குத்து இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா, நண்பர்களே? இருந்தும் குத்தாமல் இருந்தேன். அதுதான் விளையாட்டு வைத்த பரீட்சை,” என்றார். சாயங்காலத்துக்குள் மற்ற விமர்சகர்களும் தாங்களும் தெரிந்தேதான் குத்தவில்லை என்று அறிவித்தார்கள். ஒருவருக்குக்கூடக் கூச்சம் என்பது இல்லை. இயக்குநர் அவற்றையும் பாராட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டு தலைகால் புரியாமல் அலைந்தார்.

முஷ்டி அதை எதையும் படிக்கவில்லை. வாங்கியவர்கள் எழுதும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். அங்கே எல்லாம் குட்டைக் குட்டையாக இருந்தது. ‘நல்லா இருக்கு.’ ‘கடல் தண்ணி பச்சையா இருக்கு, மாத்துங்க.’ ‘ரோபோவுக்குக் கை நடுங்குது, நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க.’ இதைப் படித்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குக் கீழே இன்னொன்று வந்தது.

‘ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கினேன். சோபாவுல இருந்து எந்திரிச்சுட்டேன். பக்கத்துல இருந்த எங்க மாமியாரும் எந்திரிச்சுட்டாங்க. ரெண்டு வருஷமா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது. இப்ப ‘இன்னொண்ணு போடு’ங்கறாங்க.’

முஷ்டி கணவருக்குப் போன் போட்டு அதைப் படித்துக் காட்டினாள். முழுசாகப் படிக்க முடியவில்லை. சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன.

“யாரு எந்திரிச்சா? சரியாக் கேட்கல,” என்றார் அவர்.

“மாமியாருங்க! மாமியார்!” என்று கீழே மெத்தைக் கடை வரைக்கும் கேட்கும்படி கத்தினாள்.